அம்பாசிடரின் முன்னிருக்கை

அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014இல் உத்தர்பாராவில் நின்றது. அதன் பழைய வண்டிகளில் கியர் ஸ்டீயரிங்கை ஒட்டியிருந்தது. முன்னிருக்கை ஒரே நீள மெத்தை. ஆகவே வாப்பாவுக்கும் பாட்டனாருக்கும் நடுவே ஒரு பிள்ளை அமரலாம். முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் காற்று நேரே முகத்தில் வீசும். வாப்பா பயண துஆவை உரக்க ஓதுவார். பின்னால் இருப்போரும் சேர்ந்து ஓதுவர்.

அந்த இருக்கை போனதோடு குடும்ப நெருக்கமும் போயிற்று என்று சிலர் வருந்துகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவில் அமர்ந்த பிள்ளைக்கு சீட் பெல்ட் கிடையாது. வண்டி திடீரென நின்றால் முன்பலகையில்தான் மோதும். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத் அல்லவா? அவர்களைப் பின்னிருக்கையில் பெல்ட் அணிவித்து அமர்த்துவதே முறை.

இன்று ஆளுக்கொரு கைப்பேசி, காதில் இயர்போன். துஆவோ ஓட்டுபவரின் உதட்டோடு முடிந்துவிடுகிறது. இதற்கு இருக்கையைக் குறை கூறுவது நியாயமன்று. உரக்க ஓதினால் பின்னிருக்கைக்கு இன்றும் கேட்கும். பிள்ளைகளும் இரண்டே பயணங்களில் மனனம் செய்துவிடுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

அந்த முக்கோணக் கண்ணாடியை மட்டும் யாரேனும் மீண்டும் பொருத்தித் தந்தால் நான் மறுக்கமாட்டேன்.