நிகண்டும் தேடுசொல்லும்

'இத்தலைப்பில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழ்த்தப்படவில்லை' என்னும் தொடர் இல்லாத தமிழ் ஆய்வேட்டைக் காண்பது அரிது. அத்தகைய தொடர் ஒன்றின் கீழ் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சுந்தரபாண்டியத்திலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருவர் நாச்சியார் திருமொழியின் கனவுப் பகுதியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 'ஆண்டாள் கனவு' என்று தட்டச்சிட்டுத் தேடினார். பொருத்தமாக ஒன்றும் அகப்படவில்லை. இல்லை என்றே எழுதிவிட்டார். அயலூர்ப் பேராசிரியர் ஒருவர் முந்தைய ஆய்வுகளை எடுத்துக்காட்டிய பிறகே பிழை விளங்கிற்று. பிழை அம்மாணவியுடையதன்று, தேடக் கற்றுத்தராத என்னுடையது.

நாம் மனத்தில் கொண்டுள்ள பொருளைத் தரவுத்தளம் அறியாது. ஆய்வாளர் எழுதிய சொல்லையே அது அறியும். அவர் ஆண்டாள் என்றாரா, கோதை என்றாரா, நாச்சியார் என்றாரா, வடமொழி மரபில் கோதா என்றாரா? ஊர்ப்பெயரும் அவ்வாறே: ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர். ஜேஸ்டோர் போன்ற ஆங்கிலத் தளங்களில் சிக்கல் இரட்டிப்பாகும். ஆண்டாளின் 'ட'கரத்தைப் பொதுவழக்கில் ரோமன் வரிசையின் 4ஆம் எழுத்தால் எழுதுகிறோம். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முறையைப் பின்பற்றுவோர் 20ஆம் எழுத்தால் எழுதுவர். இரண்டையும் 'அல்லது' என்னும் ஆங்கில இணைப்புச் சொல்லால் சேர்த்துத் தேடுவதே முறை.

தமிழில் வேற்றுமை உருபும் இடர் செய்யும். 'ஆண்டாள்' என்பதன் இறுதிப் புள்ளி 'ஆண்டாளின்' என்பதில் மறைகிறது. சொல்லை முழுமையாக ஒப்பிடும் தளத்துக்கு இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். நட்சத்திரக் குறியை ஏற்கும் தளமாயின் 'ஆண்டா' என நிறுத்தி அக்குறியை இடலாம். 'ஆண்டாண்டு' என்பதும் உடன் வந்து விழும், களைந்துகொள்ள வேண்டியதுதான். சோத்கங்காவில் உள்ள ஏடுகள் சில ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்தவை. அவற்றின் உள்ளே தேடுவது பயன் தராது. தலைப்பையும் துறையையும் கொண்டே அணுக வேண்டும்.

இவை யாவும் புதுமை என எண்ணுகிறோம். சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி ஒருசொல் பல்பொருளைத் தொகுத்துரைப்பது. கோதை என்றால் மாலை, சேரனும் கோதையே. அச்சொல்லைத் தனியே இட்டால் சேர மன்னர்களும் வந்து நிற்பார்கள்; உடன் 'திருப்பாவை' என்று சேர்த்தால் விலகுவார்கள். ஏனைய தொகுதிகளோ பெரும்பாலும் ஒருபொருளுக்குரிய பல பெயர்களைத் தருவன. தேடுவோன் தவறவிடுவதும், வேண்டாதன வந்து குவிவதுமாகிய இரு குறைகளுக்கும் மருந்து அங்கேயே இருக்கிறது. நாமோ நிகண்டைத் தேர்வுக்குரிய இலக்கிய வரலாற்றுக் குறிப்பாகச் சுருக்கிவிட்டோம்.

இனி இயந்திரமே அனைத்தையும் உணர்ந்து தேடித் தரும் என்பார் உளர். தரட்டும். ஆயினும் அது காட்டாதது உலகில் இல்லை என்று எழுதும் உரிமையை அது நமக்கு வழங்கவில்லை.

ஆய்வு நெறிமுறைத் தாளின் முதல் வகுப்பில் நிகண்டு வைக்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து. மாணவர் தம் பொருளுக்குரிய பெயர்களைக் கணினியைத் திறக்கும் முன்பே ஒரு தாளில் எழுதட்டும். எந்தச் சொற்களால் எங்கே தேடினார் என்பதையும் ஏட்டில் பதியட்டும். அதன் பிறகு 'யான் தேடியவரை கிட்டவில்லை' என்று எழுதினால் நான் நாணமின்றிக் கையெழுத்திடுவேன்.