நாடகத்துக்காகவும் ஒரு சென்னைப் பயணம்

மார்ச் மாதக் கடைசியில் பள்ளிக்கூடத் தேர்வுகள் முடிந்ததும், மட்டாஞ்சேரித் தமிழர் வீடுகளில் சென்னைப் பயணப் பேச்சு தொடங்கிவிடும். பட்டியல் பெரும்பாலும் ஒன்றேதான்: உறவினர் வீட்டுத் திருமணம், தியாகராய நகரில் புடவை, கபாலீசுவரர் கோயில், மெரினா கடற்கரை. “அப்படியே ஒரு நாடகமும் பார்த்துவிட்டு வரலாமே” என்பார் வீட்டுப் பெரியவர். பார்க்கலாம் என்று மற்றவர்களும் தலையாட்டுவார்கள். சென்னைக்குப் போய்ப் பத்திரிகையைப் புரட்டினால், நல்ல நாடகம் முந்தின வாரமே நடந்து முடிந்திருக்கும். அல்லது ஊர் திரும்ப வேண்டிய நாளின் மாலையில் இருக்கும். நாடகம் பார்க்காமலே குடும்பம் கொச்சி திரும்பும்.

இதற்கு அசட்டை மட்டுமே காரணம் என்று சொல்வதற்கில்லை. சென்னையில் நாடகம் நடைபெறும் முறையும் ஒரு காரணம். லண்டன் நகரின் நாடக அரங்குகளில் ஒரே நாடகம், ஒரே மேடையில், வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் வீதம் மாதக்கணக்கில் நடக்கும். அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்டிராப்’ நாடகம் 1952ல் அந்நகரில் தொடங்கி, கொரோனா காலத்து இடைவெளி நீங்கலாக, தொடர்ந்து நடந்து வருகிறது. வெளியூர்க்காரர் எந்த வாரம் போனாலும் அதைப் பார்த்துவிடலாம். சென்னையில் அப்படி முடியாது. ஒரு சபாவில் ஒரு மாலை நடக்கும் நாடகம், அடுத்த முறை வேறொரு சபாவில், வேறொரு தேதியில் நடக்கும். அதுவும் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான். சந்தா கட்டிய உறுப்பினர்களை நம்பி வளர்ந்தவை சபாக்கள். உள்ளூர் உறுப்பினரைக் கருதி வகுக்கப்பட்ட ஏற்பாட்டில், 700 கிலோ மீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறவர் தாமே முயன்றுதான் இடம் தேடிக்கொள்ள வேண்டும்.

நாடகம் ஊர் தேடி வந்த காலம்

கொச்சித் தமிழர்களுக்கு இந்த நிலை என்றும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்ச் சங்கீத நாடகக் குழுக்கள் கேரளம் முழுவதும் சுற்றிவந்தன. அவற்றைக் கண்ட தாக்கத்தில்தான் டி.சி. அச்சுத மேனன் 1892ல் மலையாளத்தில் ‘சங்கீத நைஷதம்’ எழுதினார். அதன் வெற்றியைப் பார்த்துப் புற்றீசல் போலக் கிளம்பிய சங்கீத நாடகங்களைக் கேலி செய்து, முன்ஷி ராமக் குறுப்பு ‘சக்கீ சங்கரம்’ எழுத வேண்டி வந்தது என்றால் தமிழ் மேடையின் செல்வாக்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம். பின்னாளில் தமிழ் நாடக உலகில் ‘அவ்வை’ சண்முகம் என்று புகழ்பெற்ற டி.கே. சண்முகம், 1912ல் பிறந்தது திருவனந்தபுரத்தில்.

இன்னும் பின்னோக்கிப் போனால், கொச்சிக் கடற்கரைக் கிறிஸ்தவர்களின் சவிட்டு நாடகம் இருக்கிறது. சார்லமேன் சக்கரவர்த்தியின் கதையைப் பாடி ஆடும் ‘காறல்மான் சரிதம்’ முதலிய அதன் பழைய பாடங்கள், தமிழ் மிகுந்த மொழியில் அமைந்தவை. சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழரே அக்கலையின் ஆசான் என்பது அவர்கள் மரபு. மட்டாஞ்சேரிக்குச் சில மைல் தூரத்தில் தமிழ்ச் சொல் மேடையில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அன்று நாடகக் கம்பெனி மூட்டை முடிச்சுடன் ஊர் ஊராகப் போயிற்று. இன்று பார்ப்பவர்தான் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே திட்டமிடும் பொறுப்பும் அவரைச் சேர்ந்ததாகிவிட்டது.

எதற்காகப் போக வேண்டும்?

“தொலைக்காட்சியும் கைப்பேசியும் இருக்கும்போது இவ்வளவு செலவு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மலையாளமும் ஆங்கிலமும் படித்து வளரும் இங்குள்ள குழந்தைகளுக்கு, தமிழ் என்பது வீட்டுக்குள் பேசும் சில நூறு சொற்களாகச் சுருங்கி வருகிறது. சாப்பாடு, குளியல், கோபம், கொஞ்சல் ஆகியவற்றுக்கு அந்தத் தமிழ் போதும். வாதாடுவதற்கும், ஒரு கருத்தை நிலைநாட்டுவதற்கும், நயமாகக் கேலி செய்வதற்கும் போதாது. சினிமாவில் பாட்டும் சண்டையும் பேச்சின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மேடை நாடகத்தில் பேச்சே பிரதானம். இரண்டு மணி நேரம், எதிரே நிற்கும் மனிதர்கள் தமிழிலேயே சிந்தித்து, தமிழிலேயே சச்சரவிட்டு, தமிழிலேயே சமாதானமாவதைக் குழந்தை காண்கிறது. அரங்கமே சிரிக்கும்போது தானும் சிரிக்கிறது. தன் வீட்டு மொழி இத்தனை பெரிய கூட்டத்துக்கும் சொந்தம் என்பதை அது உணர்வது அப்போதுதான்.

கேரளத்தில் நாடகம் இல்லாமல் இல்லை. கோயில் உற்சவத்திலும் தேவாலயப் பெருநாளிலும் மைதானத்திலேயே நாடகம் பார்க்கலாம். திருச்சூரில் சங்கீத நாடக அகாடமி 2008ல் தொடங்கிய சர்வதேச நாடக விழாவுக்கு, எர்ணாகுளத்திலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைய தமிழ்ப் பேச்சு மேடையில் ஒலிப்பதைக் கேட்கத் தமிழகத்துக்குத்தான் போக வேண்டும்.

போவதென்று முடிவு செய்தால், தேர்ந்து பார்ப்பதும் அவசியம். சபா நாடகம் வெறும் சிரிப்புத் தோரணமாகிவிட்டது என்ற குறை பல காலமாக உண்டு. அது முழு உண்மையன்று. தண்ணீருக்குத் தவிக்கும் ஒரு கிராமத்தின் கதையான கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ மேடையில் வெற்றி பெற்று, 1981ல் பாலசந்தர் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. அண்மை ஆண்டுகளில் மீண்டும் மேடை ஏறியது. ந. முத்துசாமி 1977ல் தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் பலத்தை நவீன நாடகத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு மாலை சிரிக்கவும், ஒரு மாலை சிந்திக்கவும் என்று இரண்டு நாடகங்களைத் தேர்ந்துகொண்டால் பயணம் நிறைவாக இருக்கும்.

நாளும் ரயிலும்

கோடையே இதற்கு ஏற்ற காலம். டிசம்பரில் போனால் சபா மேடைகளைச் சங்கீதக் கச்சேரிகள் பிடித்துக்கொண்டிருக்கும். கார்த்திக் பைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவோ, கேரளப் பள்ளிகளுக்கு விடுமுறையான மாதங்களை ஒட்டியே வருகிறது. விழாவில் அடுத்தடுத்த நாட்களில் நாடகங்கள் இருப்பதால், ஒன்று தவறினாலும் மற்றொன்று கிடைக்கும்.

ரயில் விஷயத்தில்தான் முக்கியமான சிக்கல். 2024 நவம்பர் முதல், ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கோடையில் திறந்த வேகத்திலேயே இடங்கள் தீர்ந்துவிடும். சபாக்களின் மாத நிகழ்ச்சி நிரலோ அதற்கு வெகு நாட்கள் கழித்தே வெளிவருகிறது. எனவே சபாச் செயலாளருக்கும் நாடகக் குழுவினருக்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு நாளை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே ரயிலுக்குப் பதிவு செய்வது நல்லது. திரும்பும் நாளிலும் கவனம் தேவை. கொச்சிக்கு வரும் முக்கியமான இரவு ரயில்கள், நாடகம் நடக்கும் நேரத்திலேயே சென்ட்ரலை விட்டுப் புறப்பட்டுவிடும். வெள்ளி மாலை எர்ணாகுளத்தில் ஏறி, சனியும் ஞாயிறும் நாடகம் பார்த்து, திங்கள் மாலை கிளம்புவதுதான் நிம்மதி. தங்குமிடம் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ இருந்தால், இரவு ஒன்பது மணிக்கு மேல் குழந்தைகளுடன் அலைய வேண்டியிராது.

செலவு சிறியதன்று. மூத்த குடிமக்களுக்கு இருந்த ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கடை வைத்திருப்பவரும் அலுவலகத்தில் இருப்பவரும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். போர்ட் கொச்சி டோபிகானாவில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பத்துக்கு, நான்கு நாள் பயணம் என்பது நான்கு நாள் வருமான இழப்பும் ஆகும். நாடகம் வசதியுள்ள சில வீடுகளின் பொழுதுபோக்காக நின்றுவிடக் கூடாதென்றால், இதைத் தனித்தனிக் குடும்பங்களின் தலையில் விட்டுவிடக் கூடாது. இங்குள்ள தமிழ் அமைப்புகள் முன்வர வேண்டும். மாதம் ஒரு சிறு தொகை குறி கட்டுவதுபோல் சேர்த்து வந்தால், ஆண்டுக்கு முப்பது நாற்பது பேர் சேர்ந்து போகலாம். வசதியுள்ளவர்கள் ஏழைப் பிள்ளைகள் சிலரின் செலவையும் ஏற்கலாம். ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஆறு பேருக்குத்தான் ரயிலில் இடம் கேட்க முடியும் என்பதால், பொறுப்பாளர் ஒருவரை முன்பே நியமித்துவிட வேண்டும்.

சென்னைச் சபாக்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கோடை மாதங்களின் நாடக நிரலை மட்டுமாவது இரண்டு மாதம் முன்னதாக வெளியிடட்டும். வெளிமாநிலத் தமிழர்கள் குழுவாக வந்தால் சில வரிசைகளை ஒதுக்கித் தரட்டும். கூட்டம் குறைந்துவிட்டதென்று நாடகக்காரர்கள் குறைபடும் காலத்தில், இதில் அவர்களுக்கும் நன்மையே.

இப்படிப் போய் வருகிறவர்கள், நாடகக் குழுவினரை நேரில் சந்தித்துக் கொச்சிக்கு அழைத்துவிட்டும் வர வேண்டும். எர்ணாகுளத்தில் பைன் ஆர்ட்ஸ் ஹாலும் டி.டி.எம். ஹாலும் இருக்கின்றன. சென்னைக்குப் போக முடியாத முதியவர்களும், ஒரு நாள் கூலியைக் கூட இழக்க இயலாதவர்களும் அங்கே வந்து பார்ப்பார்கள். வரும் கோடைக்கு இதைச் செய்ய எண்ணினால், தமிழ் அமைப்புகள் அடுத்த கூட்டத்திலேயே பேசி, பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்துப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட வேண்டும்.