குளொஸ்டர்த் துறையும் வல்வைக் கப்பலும்

அமெரிக்க நாட்டின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர்த் துறைமுகத்திலே, ஆண்டுதோறும் செத்தெம்பர்த் தொடக்கத்தில் பாய்க்கப்பல் விழாவொன்று நிகழ்கின்றது. 'ஸ்கூனர்' எனப்படும் மரக்கப்பல்கள் பாய்விரித்துச் செல்ல, ஊரார் கரையில் திரண்டு காண்பர். அத்துறையின் செல்வமாக விளங்குவது 'அட்வெஞ்சர்' என்னுங் கப்பல். 1926 இல் அயலூராகிய எசெக்சிற் கட்டப்பெற்று, 1953 வரை மீன்பிடித் தொழில் செய்து, பின்னர் உல்லாசப் பயணிகளைச் சுமந்து, 1988 இல் குளொஸ்டர் மக்களுக்கே கொடையாக வழங்கப்பட்டது.

எங்கோ நிகழும் விழாவை மட்டக்களப்பிலிருந்து நான் எழுதுவானேன் என்று கேட்பீர்கள். அதே குளொஸ்டர்த் துறையில் 1938 ஆகஸ்ட் முதலாந் திகதி நங்கூரமிட்டது நம்மவர் கப்பல். வல்வெட்டித்துறையில் 1930 அளவிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' அது. நீளம் 89 அடி. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி அதனை விலைகொடுத்து வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வைக் கடலோடிகளும் செங்கடல், சுவெசுக் கால்வாய், மத்தியதரைக்கடல் வழியே சென்று, அத்திலாந்திக் மாகடலையுங் கடந்து அதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். ஸ்கூனர் கட்டுவதே குலத்தொழிலாகக் கொண்ட கரையில், நம் தச்சர் செய்த கலம் போய் நின்றது! (வல்வைக் கப்பல் ஸ்கூனர் இனமன்று, முன்பாய்மரத்திற் குறுக்குப் பாய் கட்டும் வேறினம். பெருமை பேசுங்கால் பிழை பேசலாகாது.)

அவர்கள் கப்பல் இன்றும் அங்கு மிதக்கின்றது. நம்முடையது நம்மிடம் இல்லை.

அவர்கள் செல்வர், அதனாற் காத்தனர் என்று கூறி அமைதல் எளிது. பணம் வேண்டியதுதான், எனினும் மரக்கலம் பணத்தால் மட்டும் நிலைப்பதன்று. கரையேற்றிக் காட்சிக்கு வைத்தால் பலகை உலர்ந்து இடுக்கு விரியும். நீரில் விட்டால் புழு அரிக்கும். காலந்தோறும் கலப்பற்றுப் பார்க்கவும், உளுத்த வங்கைக் களைந்து புதியது பொருத்தவும் பயின்ற கை வேண்டும். 2025 மே மாதத்தில் இந்தியக் கடற்படை ஏற்றுக்கொண்ட 'கௌண்டின்யா' என்னுந் தைத்த கப்பலுக்கு மூலம் அஜந்தாவின் பழஞ்சுவரோவியம் ஒன்றே. ஓவியத்தைப் பார்த்துக் கப்பல் செய்ய முடிந்ததெனின், கயிற்றாற் பலகை தைக்கும் கைகள் கேரளத்தில் எஞ்சியிருந்தமையாலன்றோ?

நம் வாவிக்கரையில் எஞ்சியிருப்பவை எத்தனை கைகள்? மரத்தோணிகளின் இடத்தைக் கண்ணாடியிழைத் தோணிகள் பிடித்துக்கொண்டன. மீனவரை நான் குறைகூறேன். மரத்தின் விலை அவர்க்கு எட்டாது, கண்ணாடியிழை உளுப்பதில்லை. வாழ்வுக்கு உதவுவதை அவர் கொண்டனர். விழாவெடுக்கும் நாமோ காகிதத்தாலும் தகரத்தாலும் ஊர்தியிற் கப்பல் செய்து ஊர்வலம் விடுகின்றோம். மறுநாள் அது குப்பையில்.

சென்ற தவணை, கரிகாலன் முன்னோர் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய செய்தி வரும் புறநானூற்றுப் பாட்டை நடத்தினேன். "நாவாய் என்றால் கப்பல்" என்று மாணாக்கர் உடன் உரைத்தனர். "ஐயா, பாய்க்குக் காற்று எதிரே வந்தால் என்ன செய்வார்கள்?" என்று ஒருவன் வினவினான். நிகண்டு முழுதும் அறிந்த நான் விழித்தேன்.

மறுநாள் வாவியோரத்து முதிய ஓடாவி ஒருவரிடம் சென்றேன். பாயைச் சரித்துக் குறுக்கும் மறுக்குமாக ஏறும் முறையை மணலிற் கீறிக் காட்டினார். ஏரா, வங்கு, அணியம், பருமல், சுக்கான் என்று அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் யாவும் தமிழ்ப் பாடநூலிற் காணாதவை. பட்டறையில் முற்றுப்பெறாத தோணியொன்று கிடந்தது. முடித்துத் தர என்ன வேண்டுமென்றேன். "நாலு பலகையும், தூக்கிப் பிடிக்க ரெண்டு பொடியனும்" என்றார்.

பலகைக்குப் பழைய மாணாக்கரிடம் கேட்டிருக்கிறேன். பொடியன்மார் பதினொருவர் பெயர் தந்துவிட்டனர். வினாக் கேட்டவன் பெயரே முதலில்.