பின்கட்டு வீட்டுக்கு நேர்வழி வேண்டும்: எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

சாத்தூர் நகராட்சியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பலர் சொந்த மனையில், இருக்கும் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு சிறு வீடு கட்ட விரும்புகிறார்கள். அதற்கான அனுமதி விரைவாகவும் குறைந்த செலவிலும் இடைத்தரகர் இல்லாமலும் கிடைக்க வேண்டும். அந்த அனுமதியில் யாருக்காகவும் தளர்த்தக் கூடாத நிபந்தனை ஒன்றும் இருக்க வேண்டும்: அந்தக் கட்டடத்துக்குள் எந்தக் காலத்திலும் வெடிமருந்து நுழையக் கூடாது. முதலாவது நடந்தால்தான் இரண்டாவதை உறுதிசெய்ய முடியும். இதுவே எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு.

தேவை எங்கிருந்து வருகிறது

எங்களிடம் வரும் குடும்பங்களின் கதை ஏறத்தாழ ஒன்றுதான். தெருவைப் பார்த்து அப்பா காலத்தில் கட்டிய ஓட்டு வீடு அல்லது ஒரு தளம் போட்ட வீடு இருக்கும். அதில் பெரியவர்களும் மூத்த மகன் குடும்பமும் இருப்பார்கள். இளைய மகனுக்குக் கல்யாணமாகியிருக்கும், அல்லது மகள் பிள்ளைகளோடு திரும்பி வந்திருப்பாள். வீட்டுக்குப் பின்னால் கிணறு, வேப்பமரம், பழைய மாட்டுக் கொட்டகை என்று இடம் கிடக்கும். தீப்பெட்டி ஆபீஸிலோ பட்டாசு ஆலையிலோ வாரக்கூலி வாங்கும் குடும்பம் புது மனை வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. மனை கையில் இருக்கிறது, அதில் ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை கட்டிக்கொண்டால் போதும் என்கிறார்கள்.

இந்த ஆசை நியாயமானது. கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடியை ஒரு குடும்பத்துக்கான வீடு என்று அரசே ஏற்று, 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்குகிறது. அதே அளவு வீட்டைச் சொந்தப் பணத்தில், சொந்தக் கொல்லையில் கட்டுபவர் அரசிடம் கேட்பது ஓர் அனுமதித் தாள் மட்டுமே. நிலம், தெரு, குடிநீர்க் குழாய், மின்கம்பம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஊர் விரிந்து விளைநிலம் மனையாவதைவிட, இருக்கும் மனைக்குள் இன்னொரு குடும்பம் வாழ்வது ஊருக்கும் நல்லது.

சட்டத்தில் இருக்கும் வழி

கட்டட அனுமதிக்கு அடிப்படை 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சிறிய வீடுகளுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம். நகர் ஊரமைப்பு அலுவலகம் வரை போக வேண்டியதில்லை. 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் தொடங்கியது. 2,500 சதுர அடிக்குள்ளான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரைத்தளத்தோடு முதல் தளமோ கட்டுபவர் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றி, உரிய தொகையைக் கட்டினால் அனுமதி உடனே கையில் கிடைக்கும். கட்டும் முன் அதிகாரி வந்து பார்க்கத் தேவையில்லை, பணி முடிவுச் சான்றும் தேவையில்லை.

இது நல்ல திட்டம். இதை எங்கள் மன்றம் வரவேற்கிறது. ஆனால் புது மனையில் புது வீடு கட்டுபவரை மனதில் வைத்து வரையப்பட்ட திட்டம் இது. பின்கட்டில் கட்டுபவர் அதற்குள் நுழையும்போது மூன்று இடங்களில் சிக்குகிறார்.

எங்கே சிக்குகிறது

முதல் சிக்கல் மனையின் அளவு. 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. சுயசான்று எல்லைக்குள் வந்துவிடும். 6 சென்ட் என்றால் 2,614 சதுர அடி, எல்லை தாண்டிவிட்டது. கொல்லைப்புறம் உள்ள பழைய மனைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. 5 சென்ட்காரர் இரண்டு தளத்தில் 3,500 சதுர அடி வீட்டுக்கு உடனடி அனுமதி பெறுகிறார். 6 சென்ட்காரர் 360 சதுர அடிப் பின்கட்டுக்கு வழக்கமான நீண்ட வழியில் போக வேண்டியிருக்கிறது. கட்டடம் சிறிதாக இருந்தும் மனை கொஞ்சம் பெரிதாக இருப்பதே குறையாகிவிடுகிறது.

இரண்டாவது பட்டா. கொல்லையோடு கூடிய பழைய வீடுகளில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ, அண்ணன் தம்பிகள் நான்கு பேர் பெயரில் கூட்டுப் பட்டாவாகவோ இருக்கிறது. பாகப்பிரிவினை வாய்ப்பேச்சில் முடிந்திருக்கும், பத்திரமாகியிருக்காது. நத்தம் மனைகளில் நிலம் ஒருவர் கைவசமும் பதிவேட்டில் பெயர் வேறொருவருடையதாகவும் இருக்கும். இணையதளம் விண்ணப்பதாரர் பெயரையும் பட்டாவிலுள்ள பெயரையும் ஒப்பிடும்போது விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுகிறது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், சர்வேயர் அளவை என்று ஒவ்வொன்றுக்கும் வேலை நாளில் தாலுகா ஆபீஸ் போக வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அந்த ஒவ்வொரு நாளும் ஒரு நாள் சம்பளம்.

மூன்றாவது மின் இணைப்பு. ஒரே வளாகத்தில் இரண்டாவது வீட்டு இணைப்பு கேட்டால், அது தனிக் குடும்பமா, தனிச் சமையலறையும் தனி வாசலும் உண்டா என்று மின்வாரியம் பார்க்கிறது. அது சரியான கேள்விதான். ஆனால் பின்கட்டு வீடு உள்ளாட்சிப் பதிவேட்டில் தனி வீடாக ஏறாவிட்டால் தனிக் குடும்பம் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது? கடைசியில் முன்வீட்டிலிருந்து ஒயர் இழுக்கிறார்கள். மழைக்காலத்தில் கொடிக்கயிறு உயரத்தில் தொங்கும் அந்த ஒயர் ஆபத்தானது என்று அவர்களுக்கும் தெரியும்.

இந்த மூன்றிலும் அலைந்து சலித்தவர்கள் அனுமதி இல்லாமலே கட்டிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்து அஸ்திவாரம் தோண்டி, நான்கு சுவர் எழுப்பி, மேலே தகரம் போடுகிறார்கள். அந்தத் தகர செட் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் உரிய கவலை

வேறு ஊரில் அனுமதியில்லாத பின்கட்டு வரி இழப்போடு முடியலாம். இங்கே அப்படி முடிவதில்லை. 2021 ஜூனில் தாயில்பட்டியில் வீட்டில் வைத்துப் பட்டாசு செய்தபோது வெடித்து உயிர்கள் பறிபோயின. உரிமம் பெற்ற ஆலைகளிலும் 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்திலும், 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியிலும் நடந்த வெடிவிபத்துகளை இந்த வட்டாரம் மறக்கவில்லை. தனித்தனி அறைகள், இடைவெளி, போர்மேன் என்று விதிமுறைகள் உள்ள ஆலையிலேயே இந்த நிலை என்றால், அடுப்பெரியும் வீட்டுக்குப் பத்தடி தள்ளி மருந்து அடைப்பதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் பெற்ற வளாகத்துக்கு வெளியே பட்டாசு தயாரிக்கக் கூடாது. அந்த வளாகத்துக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே குறித்த பாதுகாப்பு இடைவெளி இருக்க வேண்டும். நடைமுறையில் இந்த விதி இரண்டு பக்கமும் மீறப்படுகிறது. மருந்து வீட்டுக்கு வருகிறது. வீடும் ஆலையை நோக்கிப் போகிறது. ஊர் ஓரத்தில் எழும் ஒரு சிறு பின்கட்டு, பக்கத்து ஆலையின் பாதுகாப்பு இடைவெளிக்குள் வந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கும் ஆபத்து, ஆலையின் உரிமத்துக்கும் சிக்கல். கட்டட அனுமதி தரும் உள்ளாட்சியும் வெடிபொருள் உரிமம் தரும் துறையும் ஒரே வரைபடத்தைப் பார்த்து முடிவெடுத்தால்தான் இதைத் தடுக்க முடியும்.

ஆகவே அதிகாரிகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: அனுமதியைக் கடினமாக்கினால் கட்டடம் குறைவதில்லை, கணக்கில் வருவதுதான் குறைகிறது. பிள்ளைகள் தூங்கும் தகர செட்டும் மருந்து அடைக்கும் தகர செட்டும் பதிவேட்டில் ஒன்றுபோல் காணாமல் போகின்றன. நேர்மையாக வாழ வருபவருக்கு வழியைச் சுருக்குங்கள். மீதியிருக்கும் செட்டுகளைத் தேடிப் போக உங்களுக்கு நேரமும் ஆளும் மிஞ்சும்.

கரிசல் மண்ணும் மலையடிவாரமும்

அனுமதி என்பது வரி வசூலுக்கு மட்டுமானது அல்ல. சாத்தூர் கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். பழைய வீட்டின் பின்சுவரோடு ஒட்டிப் புதுச் சுவர் எழுப்பினால் இரண்டு அஸ்திவாரமும் வெவ்வேறு அளவில் அசையும். இரண்டு மழைக்காலம் போவதற்குள் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விழும். கரிசலைத் தோண்டி எடுத்துக் கெட்டித் தரை வரை இறங்கியோ, ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காக வளர்த்தெடுத்த, அடி விரிந்த தூண் அஸ்திவாரம் போட்டோ கட்ட வேண்டும். பழைய சுவரிலிருந்து விலகி, இடைவெளி விட்டு எழுப்ப வேண்டும். பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் வரைபடத்தில் கையெழுத்திடுவதன் பயன் இதுதான்.

மாவட்டத்தின் மேற்கே, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களுக்கு வேறொரு கட்டுப்பாடும் உண்டு. 1990இல் அமைந்த மலைப்பகுதி பாதுகாப்பு ஏற்பாட்டின் கீழ் அறிவிக்கப்பட்ட கிராமங்களில் கூடுதல் ஒப்புதல் தேவை. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. வைப்பாற்றுக்கு நீர் அந்த மலையிலிருந்துதான் வருகிறது. அங்கே காடு அழிந்தால் சாத்தூருக்கும் கேடு. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லும் யாருடனும் நாங்கள் சேர மாட்டோம். ஆனால் பழைய ஊர் நத்தத்துக்குள், ஏற்கெனவே வீடுள்ள மனையில் கட்டும் சிறு பின்கட்டையும் மலையோரத்தில் எழும் சொகுசு விடுதியையும் ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது.

ஆபத்தைக் காரணம் காட்டி அனுமதியை இழுத்தடிக்கவும் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கொல்லைப்புற வீட்டுக்கு முழுமையான விண்ணப்பம் வந்தால் 60 நாளுக்குள் உள்ளூர் நிர்வாகம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2020 முதல் சட்டம் இருக்கிறது. காட்டுத்தீ பரவும் மலையடிவார ஊர்கள் நிறைந்த மாநிலம் அது. ஆபத்துள்ள இடத்திலும் காலக்கெடுவோடு முடிவு சொல்ல முடியும் என்பதற்கு அது சான்று.

எங்கள் கோரிக்கைகள்

1. ஏற்கெனவே வீடுள்ள மனையின் பின்பகுதியில் 500 சதுர அடிக்குள் கட்டும் தரைத்தள வீட்டுக்கு, மனை 2,500 சதுர அடியைத் தாண்டினாலும், சுயசான்று வழி திறக்கப்பட வேண்டும். இருக்கும் வீட்டோடு சேர்த்துக் கட்டுபவர் எப்படி விண்ணப்பிப்பது என்று நகராட்சி அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

2. கூட்டுப் பட்டா மனையில், மற்றப் பங்குதாரர்கள் எழுத்தில் சம்மதம் தந்தால் அதை ஏற்க வேண்டும். பட்டா மாறுதலுக்கும் கட்டட அனுமதிக்கும் ஒரே நாளில் விண்ணப்பம் வாங்க, வட்டாட்சியர் அலுவலகமும் நகராட்சியும் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் நடத்த வேண்டும்.

3. சுயசான்றில் வராத சிறு வீடுகளுக்கு 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். மறுத்தால் எந்த விதியின்படி என்று காரணம் சொல்ல வேண்டும்.

4. 500 சதுர அடிக்குள்ளான பின்கட்டுக்குத் தனியாகக் குறைந்த கட்டணம் நிர்ணயிக்க வேண்டும். கரிசல் மண்ணுக்கு ஏற்ற அஸ்திவாரத்தோடு கூடிய மாதிரி வரைபடங்களை நகராட்சி இலவசமாகத் தர வேண்டும்.

5. தெருவிலிருந்து பின்கட்டு வரை ஸ்ட்ரெச்சர் போகும் அகலத்தில் திறந்த பாதையும், கிணற்றிலிருந்து தள்ளி அமைத்த செப்டிக் டேங்க்கும், மழைநீர் சேகரிப்பும் இருக்க வேண்டும். இவற்றில் சலுகை கேட்க மாட்டோம்.

6. உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகளையும் அவற்றின் பாதுகாப்பு இடைவெளியையும் காட்டும் வரைபடம் அனுமதி இணையதளத்தோடு இணைக்கப்பட வேண்டும். அந்த எல்லைக்குள் குடியிருப்பு அனுமதி கூடாது. எல்லைக்குள் ஏற்கெனவே வாழும் குடும்பங்களுக்கு மாற்று மனை தர வேண்டும்.

7. அனுமதி பெற்ற பின்கட்டுக்குத் தனி வரிவிதிப்பு எண்ணும், அதை வைத்துத் தனி மின் இணைப்பும் தர வேண்டும்.

8. வெடிமருந்துத் தடையை அனுமதித் தாளிலேயே அச்சிட்டு, உரிமையாளர் கையெழுத்து வாங்க வேண்டும். மீறினால் அனுமதி ரத்தாக வேண்டும். வீட்டில் இருப்பவர் மீது மட்டுமல்லாமல் மருந்தையும் ஆர்டரையும் கொண்டுவந்து கொடுத்தவர் மீதும் வழக்குப் பதிய வேண்டும். மருந்து கலக்காத காகிதக் குழாய் உருட்டுவதும் பெட்டி ஒட்டுவதும் குடும்பத் தொழில்கள். அவற்றை இதோடு குழப்பி யாரையும் துன்புறுத்தக் கூடாது.

எதற்குத் துணை நிற்க மாட்டோம்

நீர்நிலைப் புறம்போக்கிலும் வைப்பாற்றங்கரையிலும் கட்டியதை வரன்முறைப்படுத்தக் கேட்டு எங்களிடம் வர வேண்டாம். பின்கட்டு என்று அனுமதி வாங்கிக் குடோனாகவோ பட்டறையாகவோ மாற்றுபவர் எங்கள் உறுப்பினராக இருந்தாலும் அவருக்காகப் பேச மாட்டோம்.

மக்களுக்கு

கொல்லையில் வீடு கட்ட நினைப்பவர்கள் முதலில் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினையைப் பத்திரமாக்குங்கள். கூலி கொஞ்சம் கூடக் கிடைக்கிறதே என்று யாராவது மருந்தைக் கொண்டுவந்து இறக்கினால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பக்கத்து வீட்டுச் செட்டில் மருந்து வாடை அடித்தால், சொந்தக்காரர் வீடாயிற்றே என்று பேசாமல் இருக்காதீர்கள். அன்றைக்கே காவல் துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். அந்தச் செட்டுக்கும் உங்கள் பிள்ளை படுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது.

சாத்தூர் நகராட்சி மன்றமும் மாவட்ட நிர்வாகமும் இந்தக் கோரிக்கைகளை எடுத்துப் பேச வேண்டும். முதலாவது, இரண்டாவது, ஆறாவது கோரிக்கைகளுக்கு அரசாணை தேவைப்படும் என்றால் அதற்கான பரிந்துரையை அரசுக்கு அனுப்ப வேண்டும். கொல்லையில் வீடு எழுவதை யாராலும் நிறுத்த முடியாது; அது பதிவேட்டில் ஏறி, பாதுகாப்பாக எழ வழி செய்வது நிர்வாகத்தின் கடமை.