கிடங்குச் சுவரில் ஓதம்

கொல்லிமலையில் உள்ள பழைய செங்கற் கட்டடங்கள், முக்கியமாகச் சரக்குக் கிடங்குகள், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு ஓதம் காத்து, காரை பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து நிற்பதை அங்கத்தினர்கள் அறிவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அச்சுவர்களைத் தொட்டால் கை ஈரமாகிறது. இதற்குப் பரிகாரம் என்ன என்பதில் நம்மவரிடையே இரண்டு கட்சிகள் தோன்றியிருக்கின்றன. பூமியின் ஈரம் சுவர்வழியே மேலேறுகிறது, ஆகவே சுவரைத் துளையிட்டு மருந்து செலுத்தி, மேலே சிமெண்டு பூசிவிட வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். ஈரம் மேலேறுவது என்பதே கட்டுக்கதை, கூரையைச் செப்பனிட்டால் போதும் என்கிறார்கள் மற்றொரு சாரார். எப்படிச் செய்தாலும் செலவாவது சங்கத்தின் பணம். ஆதலால் நமது அபிப்பிராயத்தை ஒளியாமல் கூறுவது கடமையாகிறது.

சரக்கின் கதியும் இதில் அடங்கியிருக்கிறது. நன்கு உலர்ந்த மிளகிலும் காப்பிக் கொட்டையிலும் 100-க்கு 10 முதல் 12 பங்கு வரைதான் ஈரம் இருக்கலாம். வெயிலில் நாள் கணக்காக உலர்த்திய மிளகை ஓதச் சுவரில் சாய்த்து அடுக்கினால், சில வாரங்களில் அடிமூட்டைகளில் பூஞ்சை பற்றிக்கொள்கிறது. பிறகு விலை கூறுபவர் வியாபாரியாகி விடுகிறார், விளைவித்தவர் அல்லர்.

இந்தச் சச்சரவு நம் மலையில் பிறந்ததன்று. இங்கிலாந்தில் ஜெஃப் ஹோவெல் என்பவர் 1990-களில் செங்கல் தூண்களைக் கட்டித் தண்ணீர்த் தட்டுகளில் நிறுத்திப் பார்த்தார். நீர் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. மருந்து செலுத்தும் தொழிலையே அவர் சந்தேகித்தார். ஆனால் 2007-இல் ஹால், ஹாஃப் என்னும் ஆராய்ச்சியாளர்கள், ஈரம் ஏறுவது மெய்யே என்றும், அது எவ்வளவு உயரம் செல்லும் என்பதைக் கணக்கிட்டு அறியலாம் என்றும் நிறுவினர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் செங்கல்லின் நுண்துளைகளில் நீர் ஏறுகிறது; ஏறிய நீர் சுவரின் முகத்தில் ஆவியாகிறது. ஏறுவதும் ஆவியாவதும் சமனாகும் இடத்தில் ஓதக்கோடு நின்றுவிடுகிறது.

இதனை உணர்ந்தால் சிமெண்டுப் பூச்சின் தீங்கு தானே விளங்கும். ஆவியாகும் வழியை அடைத்துவிட்டால், நீர் பூச்சுக்குப் பின்னே இன்னும் உயர ஏறி, பூச்சு முடியும் இடத்திற்கு மேலே தலைகாட்டுகிறது. இரண்டடியில் நின்றது நான்கடிக்குப் போகிறது. முன்னாள் கொத்தனார்கள் சுண்ணாம்புக் காரை பூசியது சிமெண்டு கிடைக்காத குறையால் மட்டுமன்று. அக்காரை ஈரத்தை வெளியே விடும். சென்னைச் சேப்பாக்கத்தில் 2012-இல் தீக்கிரையான கலச மகாலைப் பொதுப்பணித் துறையினர் புதுப்பித்தபோதும் சுண்ணாம்புக் காரையையே கையாண்டனர்.

அப்படியானால் நம் கிடங்குகளின் ஈரம் எங்கிருந்து வருகிறது? நாம் சென்று பார்த்தவற்றில் பெரும்பாலானவை சரிவை வெட்டிச் சமன்செய்து கட்டப்பட்டவை. மேட்டுப்பக்கச் சுவரில் மண் சரிந்து வந்து, உள்தரையைவிட இரண்டு மூன்றடி உயரத்துக்கு அணைந்து கிடக்கிறது. மழைநீர் அந்த மண்ணில் ஊறிச் சுவருக்குள் பக்கவாட்டில் புகுகிறது. இதற்கு மருந்து ஊசி என்ன செய்யும்? பள்ளப்பக்கச் சுவர் அநேகமாக உலர்ந்தே இருக்கிறது. பூமி ஈரம் ஒன்றே காரணமானால் அச்சுவர் மட்டும் தப்புவானேன்? பாதையோரக் கட்டடங்களின் கதை வேறு. சாலையைப் புதுப்பிக்கும்தோறும் அதன் மட்டம் உயர்ந்து, வாசற்படி பள்ளமாகிவிட்டது.

இன்னொன்று பலரும் எண்ணிப் பாராதது. இன்று மிளகு வைக்கும் அறைகளில் சிலவற்றில் முன்பு உர மூட்டைகள் பல்லாண்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. உரத்தின் உப்புகள் செங்கல்லில் ஊறி, 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூடுபனிக் காலத்துக் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக் கசிகின்றன. தரை உலர்ந்திருந்தாலும் சுவர் நனைகிறது. இரண்டு ஊசிமுனைகளைச் சுவரில் குத்தி எண் காட்டும் கருவியோடு ஒருவர் சென்ற ஆண்டு வந்தார். அக்கருவி மின்சாரம் பாயும் அளவைக் காட்டுவது. நீரோடு உப்பு இருந்தால் எண் ஏறிவிடும். வந்தவர் இதனைச் சொல்லவில்லை. நாமும் அப்போது கேட்க அறியவில்லை.

நெசவாளர் அன்பர் ஒருவர், "ஈரம் இல்லாவிட்டால் பாவு அறும், உங்களுக்குப் பகையானது எங்களுக்கு உறவு" என்று நகைத்தார். குழித்தறியைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் கஞ்சியிட்ட பாவையும் நெய்த சேலையையும் அதே சுவரோரம் இரண்டு மாதம் வைத்தால் பூஞ்சைக் கறை விழும் என்பதை இராசிபுரம் பக்கத்து நெசவாளருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

நமது யோசனை இது. மகாசபை இவ்வாண்டு மருந்துக்கும் சிமெண்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டாம். மேட்டுப்பக்க மண்ணை உள்தரைக்கு அரையடி கீழாக வெட்டி எடுத்து, நீர் ஓடக் கால்வாய் அமைத்து, கூரைத் தாழ்வாரத்துக்குத் தகரத் தொட்டி இட வேண்டும். பொரிந்த சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுவரை ஒரு கோடை முழுதும் வெறுமையாக விட்டுவிட வேண்டும். பிறகு வெவ்வேறு உயரங்களில், மேற்புறத்திலும் ஆழத்திலும் சிறிது செங்கல் தூளைத் துளைத்தெடுத்து, நிறுத்து, உலர்த்தி, மீண்டும் நிறுக்கலாம். ஈரம் ஆழத்திலும் அடியிலும் மிகுந்து மேலே போகப்போகக் குறைந்தால் பூமி ஈரம் என்று கொள்ளலாம். மேற்பரப்பில் மட்டும் மிகுந்தால் காற்றும் உப்பும் காரணம். மேட்டுச் சுவர் மட்டும் நனைந்தால் மண்ணின் வேலை முற்றுப்பெறவில்லை. தராசும் அடுப்பும் நம்மிடமே உள்ளன. பூமி ஈரமே என்று தெரிந்தால், மருந்து வேண்டும் என்ற கட்சியாரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க நாம் தயார்.

அடுத்த மழை முடியும்வரை, மிளகு, காப்பி, நூல் மூட்டைகளைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, மரச்சட்டங்களின் மேல் அடுக்குமாறு கிடங்குப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இடம் குறையும் என்பது தெரியும்.