மூச்சுக்கும் அடுக்குக் கட்டணமா?

2025 ஜூலை முதல் தேதி தமிழகத்தில் நடைமுறைக்கு வந்த 3.16 சதவீத மின்கட்டண உயர்விலிருந்து வீடுகளுக்கு விலக்கு என்று அறிவித்ததோடு கடமை முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். கூடுதல் செலவை அரசே ஏற்கும், இலவச மின்சாரச் சலுகைகள் எல்லாம் தொடரும் என்கிறது அறிவிப்பு. தொடரட்டும், வரவேற்கிறோம். ஆனால் 2022 செப்டம்பர் கட்டண உத்தரவில், இரண்டு மாதத்தில் தாண்டினால் விலை ஏறும் என்று கிழிக்கப்பட்ட 500 யூனிட் கோடும் கூடவே தொடர்கிறது. குணமாகாத நோயோடு வீட்டில் படுத்திருப்பவர்களின் குடும்பங்களை நசுக்குவது அந்தக் கோடுதான். இம்முறையாவது அதில் கை வைப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். வைக்கவில்லை. வைக்காததற்கு ஒரு காரணம்கூடச் சொல்லவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் கொடுமை புரியும். நுரையீரல் புற்றுநோயோ, நுரையீரல் தழும்பு நோயோ முற்றிய நிலையில், இனி மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவருக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது ஓர் ஆக்சிஜன் செறிவூட்டி. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் மெஷின் 300 முதல் 350 வாட் வரை மின்சாரம் இழுக்கும். 350 வாட் என்று வைத்து இரவும் பகலும் ஓடவிட்டால் நாளுக்கு 8.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 504 யூனிட். அதாவது, வீட்டில் ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும், ஒருவர் மூச்சுவிடுவதற்கே 500 யூனிட் கோடு தாண்டிவிடுகிறது.

இனி வீட்டின் வழக்கமான செலவைச் சேர்ப்போம். ஃபிரிட்ஜ், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், மின்விசிறி எல்லாமாக இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்று கொள்வோம். 2022 உத்தரவின் விலையில் இதற்கு 1125 ரூபாய். முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.50 ரூபாய். மெஷின் வந்த பிறகு, முழு எண்ணாகச் சொன்னால், 900 யூனிட். பில் 5550 ரூபாய். 500-ஐத் தாண்டியதுமே அந்த 2.25 ரூபாய்ச் சலுகை பறிபோகிறது. பிறகு யூனிட் 8 ரூபாய், 9 ரூபாய், 10 ரூபாய் என்று படி ஏறுகிறது. மெஷின் குடித்த 500 யூனிட்டுக்கு மட்டும் இந்தக் குடும்பம் 4425 ரூபாய் கட்டுகிறது. யூனிட்டுக்குச் சராசரியாக 8.85 ரூபாய். இதெல்லாம் பழைய விலை. 2024 ஜூலையில் கட்டணம் மேலும் 4.83 சதவீதம் ஏறியது.

அதிகம் செலவழிப்பவர் அதிக விலை கொடுக்கட்டும் என்பதுதான் அடுக்குக் கட்டணத்தின் நியாயம். இரண்டு ஏசி ஓடும் வீட்டுக்கு அது பொருந்தும். விலை உறுத்தினால் ஒன்றை நிறுத்திக்கொள்ளலாம். மெஷினை எந்த மணிநேரம் நிறுத்தச் சொல்கிறார்கள்? கட்டணத்தை வகுத்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உண்மையில் நடப்பது என்னவென்றால், நோயாளிகளே நிறுத்தச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கிறோமே என்று, மூச்சு கொஞ்சம் சீரானதும் “போதும், அணைச்சிரு” என்று கையைக் காட்டுகிறார்கள். அதை வீட்டில் இருப்பவர்கள் எப்படித் தாங்குவார்கள்?

பில் மட்டும் வருவதில்லை. படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை, சளி உறிஞ்ச ஒரு கருவி, ஓயாமல் சுற்றும் மின்விசிறி, நாள்தோறும் துவைக்க வேண்டிய விரிப்புகள் என்று மீட்டரைச் சுழற்ற எத்தனையோ இருக்கின்றன. பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் ஒருவர் வேலையை விட்டிருப்பார். கணக்கெடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வந்தால் மெஷின் கணக்கில் மட்டும் இன்னும் 33 யூனிட்டுக்கு மேல் சேர்ந்துகொள்ளும். பணம் கட்டக் கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாள்தான் கெடு. தவறினால் பீஸைப் பிடுங்க ஆள் வரும். வாடகைக்குக் குடியிருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாங்கும் வீட்டு உரிமையாளர்கள் எத்தனை பேர்! அந்த வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்பது காதில் விழும் செய்தி மட்டுமே. பராமரிப்புப் பணிக்காகக் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் சிலிண்டர் செலவு தனி.

இத்தனைக்கும் நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பராமரியுங்கள் என்று சொல்வது அரசேதான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலியைத் தணிக்கும் சிகிச்சையும் அடக்கம். நல்ல திட்டம், மனமாரப் பாராட்டத் தக்கது. அரசு மருத்துவமனைக் கட்டிலில் நோயாளி கிடந்திருந்தால் அதே ஆக்சிஜனுக்கு அவர் குடும்பம் ஒரு காசு கொடுத்திருக்காது. வீட்டுக்கு வந்ததால் அரசுக்கு ஒரு கட்டில் மிச்சம். மிச்சம் பிடித்துக் கொடுத்தவரிடமே உச்ச விலை வசூலிப்பது எந்த ஊர் நியாயம்? ஒரு துறை அனுப்பிவைக்கிறது, இன்னொரு துறை அபராதம் போடுகிறது. இரண்டும் ஒரே அரசு!

இந்த அலட்சியம் புதிதல்ல. 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் தமிழகம் தவித்தபோது, வீட்டில் கருவியை நம்பி உயிர் வாழ்பவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுக்கக்கூட எவருக்கும் தோன்றவில்லை. 2014 டிசம்பருக்குப் பிறகு எட்டு ஆண்டு கட்டணத்தைத் தொடாமல் கடனை வளரவிட்டார்கள். பிறகு 2022-ல் ஒரே வீச்சில் 500 யூனிட் வீட்டின் பில்லை 1130 ரூபாயிலிருந்து 1725 ரூபாயாக்கினார்கள். தங்கள் காலத்தில் துணிவில்லாமல் தள்ளிப்போட்டவர்களின் சுமை மக்கள் தலையில் இறங்கியது. 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் வராமல், பிறகு மொத்தமாகக் கணக்கிட்டு வந்த பில்களைப் பார்த்து மக்கள் கொதித்ததும், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனதும் மறந்துவிடவில்லை. மாதக் கணக்கீடு வரும் என்ற வாக்குறுதி 2021-ல் தரப்பட்டது. ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்றார்கள். அதற்கான டெண்டரோ 2024 டிசம்பரில் ரத்தானது. 2022 இறுதியில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொல்லி ஊரையே வரிசையில் நிற்கவைத்தார்கள். வீடு வீடாக அவ்வளவு விவரம் திரட்ட முடிந்தவர்களால், எந்த வீட்டில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள முடியாதா? முடியும். கேட்க மனமில்லை.

பணம் இல்லை என்று சொல்லவும் வாயில்லை. 2023-ல் கைத்தறிக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1000 யூனிட் என்று இலவச அளவை உயர்த்தினார்கள். நெசவாளருக்கு அது வேண்டியதே. அதே ஆண்டு, சிறு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் குறைத்தார்கள். குரல் கொடுக்கச் சங்கம் உள்ளவர்களுக்குச் சலுகைப் பட்டியலில் இடம் கிடைக்கிறது. சாகக் கிடப்பவர்களுக்குச் சங்கம் இல்லை. 2022 ஆகஸ்டில் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியபோது, மூக்கில் குழாய் செருகியவர் வந்து மைக்கைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தார்களா?

பக்கத்திலிருக்கும் கேரளத்தில், உயிர்காக்கும் கருவியை நம்பி வீட்டில் இருப்பவர்களுக்கு மருத்துவர் சான்றின்பேரில் அந்தக் கருவிக்கான மின்சாரம் இலவசம். இங்கிலாந்தில் வீட்டு ஆக்சிஜன் மெஷினின் மின்செலவு பயனாளிக்குத் திருப்பித் தரப்படுகிறது. இங்கே என்ன வடிவத்தில் செய்வது என்பதை அதிகாரிகள் உட்கார்ந்து பேசட்டும். தனிக் கட்டணமோ, மானியமோ, 500 யூனிட் கோட்டிலிருந்து விலக்கோ, ஏதோ ஒரு வழி. சான்றுக்காக வீட்டார் அலுவலகம் அலுவலகமாக அலையக்கூடாது. வீட்டுக்கு வரும் செவிலியரே எழுதிக் கொடுத்துவிடலாம்.

2022 உத்தரவின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. புதிய உத்தரவு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எவரேனும் சொன்னால் அதை ஏற்க முடியாது. இன்று மெஷினை நம்பியிருப்பவர்களில் பலர் அப்போது இருக்கமாட்டார்கள் என்பது சொல்பவர்களுக்கும் தெரியும். அடுத்த ரீடிங்குக்கு முன்பே ஏதாவது ஓர் உத்தரவு வர வேண்டும்.