மிச்சம் 137



கிரிக்கெட்டை விட்டுவிட்டு இவன் எதுக்கு அமெரிக்கா பேஸ்பாலுக்குப் போறான் என்று நினைக்காதீர்கள். நம்ம கேன்டீனில் ரிசல்ட் வரும்போதெல்லாம் நடக்கிற ஒரு சண்டைக்கு எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். "முதல் செமஸ்டரிலேயே தோத்தவன் அவ்ளோதான்" என்பது ஒரு கட்சி. "ஆரம்பம் நல்லா அமைஞ்சா மத்ததெல்லாம் தானா நடக்கும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு என்பது என் கருத்து.

1986-ல் மில்வாக்கி புரூவர்ஸ் என்ற அணி 77 ஆட்டம் ஜெயித்து, 84 ஆட்டம் தோற்றது. அதன் பிரிவில் மொத்தம் ஏழு அணிகள். இது ஆறாவது! அடுத்த வருஷம் ஏப்ரலில் அதே அணி வரிசையாக 11 ஆட்டம் ஜெயித்தது. பன்னிரண்டாவது ஆட்டம் 1987 ஏப்ரல் 19, ஈஸ்டர் ஞாயிறு. எதிரே டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்.

பேஸ்பாலில் ஓவர் கணக்கு கிடையாது. நேரம் முடிந்தது என்று விசில் அடிப்பதும் கிடையாது. ஓர் அணிக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் 3 அவுட். கடைசி அவுட் விழுகிற வரைக்கும் யாரையும் தோத்தவன் என்று சொல்ல முடியாது. அன்றைக்குக் கடைசி இன்னிங்ஸ் ஆட வந்தபோது புரூவர்ஸ் 1, ரேஞ்சர்ஸ் 4.

இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது ராப் டீர் ஆட வந்தார். அந்த சீசனில் 186 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் அவர். அமெரிக்கன் லீகில் அதுவரைக்கும் ஒரே சீசனில் யாரும் அத்தனை முறை ஆனதில்லை. அவர்தான் ஹோம் ரன் அடித்து 4-4 ஆக்கினார்! பிறகு ஒருவர் பேஸில் இருக்க, பேட்டிங் வரிசையில் கடைசி ஆளான டேல் ஸ்வேம் வந்தார். இன்னொரு ஹோம் ரன். 6-4. மைதானமே எழுந்து ஆடியது.

அடுத்த ஆட்டத்தையும் ஜெயித்து 13 ஆக்கினார்கள். சீசன் தொடக்கத்தில் வரிசையாக 13 ஜெயிப்பது 1900-க்குப் பிறகு 1982-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் மட்டுமே செய்த சாதனை. 2023-ல் டாம்பா பே ரேஸும் அதைத் தொட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மே மாதம் வந்தது. அதே புரூவர்ஸ், அதே ஆட்கள், வரிசையாக 12 ஆட்டம் தோத்துப் போனார்கள்!

சீசன் முடிவில் கணக்கு 91 வெற்றி, 71 தோல்வி. மூன்றாவது இடம். கொஞ்சம் கழித்துப் பாருங்கள். ஊரே கொண்டாடிய 13-ஐயும், ஊரே தலையில் அடித்துக்கொண்ட 12-ஐயும் எடுத்துவிட்டால் மிச்சம் 137 ஆட்டம். அதில் 78 வெற்றி, 59 தோல்வி. ஆறாவது இடத்தில் கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தியது இந்த 137 சாதாரண நாட்கள்தான்.

"அதனால கோப்பை கிடைச்சுதா?" என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. அந்த வருஷக் கோப்பையை வாங்கிய மின்னசோட்டா ட்வின்ஸ், சீசனில் ஜெயித்தது 85 ஆட்டம்தான். ஆனால் அவர்கள் வேறு பிரிவு, அங்கே 85-க்கே முதலிடம். புரூவர்ஸ் பிரிவில் முதலிடத்துக்கு டெட்ராய்ட் டைகர்ஸுக்கு 98 வெற்றி தேவைப்பட்டது. அநியாயம் என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. எந்தப் பிரிவில் விழுகிறோம் என்பது நம்ம கையில் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. முதல் வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் நாலு அரியர் வைத்தான். ரிசல்ட் வந்த மூணாம் நாள் லேத் பட்டறை வேலைக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. எனக்கும் இரண்டு அரியர். எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரியர் என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது. "பெயில்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாப்பா?" என்று கேட்டார்கள். படித்தவர்கள் இருக்கிற வீட்டில், "இது ஏப்ரல் மாசம்தான்டா, சீசன் இன்னும் கிடக்கு" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கும். நம்மில் பல பேருக்கு அந்த ஆள் இல்லை. எனக்கு ஒரு சீனியர் அண்ணன் சொன்னார், நான் இருக்கிறேன். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் ஓடியாடி வேலை செய்கிறோம். முதல் செமஸ்டர் ரிசல்ட் வருகிற வாரத்தில், ஒவ்வொரு பிரிவிலிருந்தும் நாலு சீனியர்கள் முதலாண்டு வகுப்புக்குப் போய் உட்கார்ந்தால் என்ன? அரியர் எப்படி எழுதுவது, எந்த பேப்பரை முதலில் முடிப்பது என்று சொல்லிக் கொடுத்தால் போதும். காசு செலவில்லை.

ஆல் கிளியர் பண்ணின நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வாழ்த்துக்கள்! ஆனால் மே மாதம் எல்லோருக்கும் வரும்.

13-ஐப் பார்த்து ஆட வேண்டாம். 12-ஐப் பார்த்து ஓட வேண்டாம். மிச்சம் 137 இருக்கிறது நண்பா, வா!